மேட்டர்.ஜேஎஸ் கொண்டு கட்டிய ரிலே சாதனமும் கன்ட்ரோலரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் அமைப்பு சிறியது. கருவிகள் வைத்திருக்கும் மூடிய அறை ஒன்றில் எக்ஸாஸ்ட் ஃபேன், விளக்கு, வெப்பநிலை உணரி, சுவரில் ஒரு அழுத்துப் பொத்தான். நான்கும் ஒரு ராஸ்பெரி பை 4 கணினியோடு இணைந்துள்ளன. எந்த நிறுவனத்தின் ஸ்மார்ட் ஹோம் செயலியிலும் பொத்தான் தவிர்த்த மூன்றும் தனித்தனிச் சாதனங்களாகத் தெரிய வேண்டும். இன்னொரு கணினியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் கன்ட்ரோலர், வெப்பநிலையைப் பார்த்து ஃபேனை இயக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் மேட்டர்.ஜேஎஸ் என்ற ஒரே நூலகம்தான். மேட்டர் என்பது வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் ஹோம் சாதனங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது நெறிமுறை.

விளக்கை ஏற்றி அணைக்கும் நிரல் சில பத்து வரிகளில் முடிந்துவிடும். திரையில் 'ஆன்' என்று தெரியும்போது ரிலே (ஃபேனையும் விளக்கையும் இயக்கும் மின்சுவிட்ச்) உண்மையிலேயே ஆன் நிலையில் இருக்கச் செய்வதுதான் உழைப்பைக் கேட்கிறது. மின்தடை, நிரல் மறுதொடக்கம், கையால் அழுத்திய பொத்தான், அறுந்த உணரிக் கம்பி என எது நடந்தாலும் அந்தத் திரை பொய் சொல்லக் கூடாது.

நெறிமுறையும் நூலகமும்

2019 டிசம்பரில் 'கனெக்டட் ஹோம் ஓவர் ஐபி' என்ற பெயரில் அறிவிக்கப்பட்ட திட்டம், 2021 மே மாதத்தில் மேட்டர் எனப் பெயர் மாறியது. 1.0 பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. மேட்டர்.ஜேஎஸ் இந்த விவரக்குறிப்பை டைப்ஸ்கிரிப்ட்டில் முழுமையாக எழுதியிருக்கிறது. சி++ நூலகத்தின் மீது போர்த்திய உறை அல்ல. புளூடூத் தொகுப்பை விட்டுவிட்டால் எதையும் கம்பைல் செய்யத் தேவையில்லை. உரிமம் அப்பாச்சி 2.0.

மேட்டரில் ஒரு சாதனம் ஒரு நோடு. நோடுக்குள் எண்ணிட்ட என்ட்பாயின்ட்டுகள் (தனித்தனிச் செயல் அலகுகள்), அவற்றுக்குள் க்ளஸ்டர்கள் (ஒரு வேலைக்கான பண்புகள், கட்டளைகளின் தொகுப்பு). என்ட்பாயின்ட் 0 எப்போதும் நோடின் வேர். ஆன்-ஆஃப் க்ளஸ்டரின் எண் 6, வெப்பநிலை அளவீட்டு க்ளஸ்டரின் எண் 1026. சாதன வகைகளுக்கும் எண் உண்டு: ஆன்-ஆஃப் விளக்கு 256, ப்ளக் 266, வெப்பநிலை உணரி 770. ஃபேனுக்கென்றே தனி வகை இருந்தாலும் அது வேகக் கட்டுப்பாட்டை எதிர்பார்க்கிறது. ஒற்றை வேக ரிலேவுக்கு அதைப் பூட்டினால் செயலியில் வேலை செய்யாத வேக அளவுகோல் ஒன்று தோன்றும். அதனால் ஃபேனுக்கு 266.

மூன்று என்ட்பாயின்ட்டுகளையும் நேராக வேருக்குக் கீழே வைக்கலாம். ஆனால் அப்படி வைத்தால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் சொல்ல இடமில்லை; செயலிகளும் அவற்றை ஆளுக்கொரு விதமாகக் காட்டுகின்றன. இங்கே பல சாதனங்களைத் தொகுத்துக் காட்டும் அக்ரிகேட்டர் (வகை 14) ஒன்றை வைத்து, அதன்கீழ் மூன்றையும் பிரிட்ஜ் சாதனங்களாகச் சேர்த்தோம். ஒவ்வொன்றுக்கும் சொந்தப் பெயர், வரிசை எண், 'எட்டக்கூடிய நிலையில் உள்ளதா' என்ற கொடி ஆகியவை கிடைக்கின்றன. கடைசியாகச் சொன்ன கொடி பின்னால் மிகவும் பயன்படும்.

தமிழில் பெயர் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயருக்கான உச்ச வரம்பு 32. அது எழுத்துக் கணக்கு அல்ல, யுடிஎஃப்-8 பைட் கணக்கு. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் 3 பைட். 'விளக்கு' 21 பைட்டில் அடங்கும். 'எக்ஸாஸ்ட் ஃபேன்' 43 பைட் ஆகிவிடும். 'ஃபேன்' என்று மட்டும் வைத்தால் சிக்கல் இல்லை.

கம்பி இணைப்பு

ரிலே பலகை: ஆப்டோகப்ளர் (இரு மின்சுற்றுகளை ஒளியால் மட்டும் இணைக்கும் பாகம்) உள்ள, இரண்டு சேனல், 5 வோல்ட் வகை. இவை பெரும்பாலும் தாழ்நிலையில் இயங்குபவை. கட்டுப்படுத்தும் பின் (இணைப்பு முனை) 0 வோல்ட்டுக்குப் போனால் ரிலே இழுக்கும். இதில் இரண்டு கண்ணிகள் உண்டு.

பலகையின் விசிசி (மின்சாரம் வாங்கும்) முனைக்கு 5 வோல்ட் கொடுத்துவிட்டு, ராஸ்பெரி பையின் 3.3 வோல்ட்டால் அணைக்க முயன்றால் மீதமுள்ள 1.7 வோல்ட் சில பலகைகளில் ரிலேவை முழுதாக விடுவிக்காது. விசிசியையும் ரிலே சுருளுக்கு மின்சாரம் தரும் ஜேடி-விசிசியையும் இணைக்கும் ஜம்பரைக் கழற்றி, விசிசிக்கு 3.3 வோல்ட்டும் ஜேடி-விசிசிக்கு 5 வோல்ட்டும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பெரும்பாலான பலகைகளுக்கு இது போதும். அப்போதும் இழுக்கவில்லை என்றால் இடையில் யுஎல்என்2803 (சிறு சமிக்ஞையால் சுமையை இயக்கும் டிரான்சிஸ்டர் சில்லு) வைக்கலாம். ஆனால் தர்க்கம் தலைகீழாகிவிடும் என்பதை நினைவில் கொள்ளவும்.

இரண்டாவது, பை துவங்கும் சில வினாடிகள். அப்போது உங்கள் நிரல் இன்னும் ஓடத் தொடங்கவில்லை. ஜிபிஐஓ (பையின் பொதுப்பயன் உள்ளீடு-வெளியீடு) 0 முதல் 8 வரை உள்ள பின்கள் இயல்பாகவே மேல்நோக்கி (3.3 வோல்ட்டுக்கு) இழுக்கப்பட்டிருக்கும்; 9 முதல் 27 வரை கீழ்நோக்கி (0 வோல்ட்டுக்கு). தாழ்நிலை ரிலேவுக்கு முதல் தொகுதிதான் பொருத்தம். இங்கே ஃபேனுக்கு ஜிபிஐஓ 5 (தலைப்பில் 29ஆம் பின்), விளக்குக்கு ஜிபிஐஓ 6 (31ஆம் பின்). இவற்றை வெளியீடாகவும் உயர்நிலையிலும் வைக்கச் சொல்லும் வரியை பூட் கோப்புறையின் கான்ஃபிக் கோப்பிலும் எழுதிவிட்டால், லினக்ஸ் எழுவதற்கு முன்பே ஃபர்ம்வேர் அதைச் செய்துவிடும். யுஎல்என்2803 வைத்தவர்கள் இரண்டாம் தொகுதிப் பின்களுக்கு மாற வேண்டும்.

ரிலே மீது அச்சிட்டிருக்கும் 10 ஆம்பியர், ஹீட்டர் போன்ற தடைச் சுமைக்கான அளவு. மோட்டார் துவங்கும்போது இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது உள்ளதைவிடப் பல மடங்கு. சிறிய எக்ஸாஸ்ட் ஃபேனைத் தாண்டிய எதற்கும் கன்டாக்டர் (பெரிய சுமைக்கான வலுவான ரிலே) வேண்டும். மெயின்ஸ் பக்கம் ஃபியூஸ் போட்டு மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும். நிரலைச் சோதித்து முடிக்கும் வரை அந்தப் பக்கத்தில் 12 வோல்ட் விளக்கு ஒன்றே போதும்.

உணரி டிஎஸ்18பி20: மின்சாரம் 3.3 வோல்ட், தரவுக் கம்பி ஜிபிஐஓ 4, தரவுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம். பொத்தான் ஜிபிஐஓ 26க்கும் கிரவுண்டுக்கும் இடையே. பின்னை மேல்நோக்கி இழுக்கும் உள் புல்-அப்பை இயக்கி, 50 மில்லிவினாடி டிபௌன்ஸ் (ஒரே அழுத்தம் பலமுறை பதியாமல் தடுக்கும் காத்திருப்பு).

பின்னை இயக்கும் வழி

இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகள் சிஸ்எஃப்எஸ் (லினக்ஸில் கோப்புகள் மூலம் வன்பொருளை அணுகும் முறை) வழியில் பின்னைத் திறக்கின்றன. கெர்னல் 6.6 வந்தபின் ராஸ்பெரி பையில் அந்த எண்வரிசை 0க்குப் பதில் 512இல் துவங்குகிறது. '5ஐத் திற' என்றால் தவறான மதிப்பு என்ற பிழைதான் வரும். 512ஐக் கூட்டிக்கொண்டு போவது ஒட்டுப்போடும் வேலை. ரிலே போன்ற மெதுவான பணிக்கு ராஸ்பெரி பை ஓஎஸ்ஸில் உள்ள பின்கன்ட்ரோல் கட்டளையை, நம் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸிலிருந்து துணைச் செயலாக அழைப்பதே எளிது. அது முடிந்து வெளியேறிய பிறகும் பின் அதே நிலையில் நிற்கும். நிரல் செத்து எழும் இடைவெளியில் ரிலே படபடக்காமல் இருப்பது இதனால்தான்.

சாதனப் பக்க நிரல்

வரிசை இது: சர்வர்நோட்.கிரியேட் மூலம் நோடு, அதற்குள் அக்ரிகேட்டர், அதற்குள் ப்ளக், விளக்கு, உணரி, கடைசியில் நோடை ஓடவிடுவது. விற்பனையாளர் எண்ணுக்குச் சோதனைக்கென ஒதுக்கிய 65521, தயாரிப்பு எண்ணுக்கு 32768 வைத்தோம். நூலகம் இவற்றுக்கான சோதனைச் சான்றிதழ்களைத் தானே உருவாக்கிக்கொள்கிறது. ஆப்பிள் ஹோம் 'சான்று பெறாத சாதனம்' என எச்சரித்துவிட்டுச் சேர்க்கும். கூகுள் ஹோமுக்கு அதே இரண்டு எண்களை டெவலப்பர் கன்சோலில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். விற்பனைக்கு என்றால் மேட்டரை நிர்வகிக்கும் கனெக்டிவிட்டி ஸ்டாண்டர்ட்ஸ் அலையன்ஸின் சான்றளிப்பு கட்டாயம். இந்தச் சோதனை எண்களோடு எதையும் சந்தைக்கு அனுப்ப முடியாது.

இனி முக்கியமான பகுதி. எடுத்துக்காட்டு நிரல்கள் எல்லாம் ஆன்-ஆஃப் மதிப்பின் 'மாறியது' நிகழ்வைக் கேட்டு, அதில் ரிலேவை இயக்குகின்றன. படிக்க அழகாக இருக்கிறது. இரண்டு இடங்களில் உடைகிறது.

முதல் உடைப்பு துவக்கத்தில். ஆன்-ஆஃப் மதிப்பு நிலையான சேமிப்பில் இருப்பது. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய் வந்தால், நூலகம் 'ஆன்' என்ற பழைய மதிப்பை வட்டிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மதிப்பு மாறவில்லை, எனவே 'மாறியது' நிகழ்வும் எழாது. ஃபர்ம்வேரோ ரிலேவை அணைத்து வைத்திருக்கிறது. செயலியில் ஆன், அறையில் ஆஃப். துவக்க நிலையைத் தீர்மானிக்கும் பண்பு ஒன்று லைட்டிங் அம்சத்தோடு உண்டு: 0 என்றால் அணை, 1 ஏற்று, 2 மாற்று, வெறுமை என்றால் பழையபடி. அதை 0 ஆக்கினாலும், அந்த மாற்றம் உங்கள் கேட்பான் இணைக்கப்படுவதற்கு முன்பே நடந்துவிடக்கூடும். தீர்வு ஒன்றுதான்: நோடு எழுந்ததும் ஒவ்வொரு என்ட்பாயின்ட்டின் தற்போதைய மதிப்பையும் நீங்களே படித்து, அதன்படி பின்னை ஒருமுறை எழுதுங்கள். நிகழ்வை நம்பி இதை விடாதீர்கள்.

இரண்டாவது உடைப்பு தோல்வியில். 'மாறியது' நிகழ்வு, மாற்றம் உறுதியான பிறகே எழுகிறது. அதற்குள் ரிலே எழுதுவது தோற்றால், கன்ட்ரோலருக்கு 'வெற்றி' என்ற பதில் ஏற்கெனவே போயிருக்கலாம். எனவே இங்கே ஆன்ஆஃப்சர்வர் வகுப்பை நீட்டித்து, ஆன், ஆஃப் என்ற இரு முறைகளையும் மேலெழுதினோம். முதலில் பின்னை எழுதி முடியும் வரை காத்திருப்பது. அது வெற்றி என்றால் மட்டும் தாய் வகுப்பின் முறையை அழைப்பது. தோற்றால் பிழையை எறிவது. எறிந்த பிழை கட்டளையின் தோல்வியாகக் கன்ட்ரோலருக்குப் போகும், நிலை மாறாமல் நிற்கும். காத்திருக்கும் வேலை ஒரு வினாடிக்குள் முடிய வேண்டும். மெதுவான சாதனம் என்றால் இந்த வழி பொருந்தாது. 'மாறியது' கேட்பானையும் வலையாக வைத்திருப்பது நல்லது: நிலையும் பின்னும் வேறுபட்டால் மட்டும் அது பின்னைத் திருத்தும், ஒன்றாக இருந்தால் சும்மா இருக்கும்.

பொத்தானுக்கும் அதே பாதைதான். பொத்தான் அழுத்தியதும் மதிப்பை நேரடியாக அமைத்தால் மேலெழுதிய முறையைத் தாண்டிப் போய்விடும். என்ட்பாயின்ட்டின் 'ஆக்ட்' வழியாக டாகிள் (இருக்கும் நிலையைப் புரட்டும்) முறையை அழைத்தால், ஃபோனிலிருந்து வந்த கட்டளை போகும் வழியிலேயே பொத்தானும் போகும். ரிலேவுக்கு எழுதும் இடம் நிரல் முழுவதிலும் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்.

இத்தனை செய்தும் நமக்குத் தெரிவது பின்னின் நிலை மட்டுமே. ரிலேவின் தொடுமுனை ஒட்டிக்கொண்டால் இந்த நிரலுக்குத் தெரியாது. ஃபேனுக்கு அது பொறுக்கக்கூடியது. ஹீட்டருக்குப் பொறுக்கக்கூடாது, அங்கே மின்னோட்ட உணரியோ கன்டாக்டரின் துணைத் தொடுமுனையோ வைத்து, அதைப் படித்த பிறகே 'ஆன்' என்று சொல்ல வேண்டும்.

உணரி சொல்லும் பொய்கள்

லினக்ஸ் இயக்கி வெப்பநிலையை ஆயிரத்தில் ஒரு டிகிரியாகத் தருகிறது: 23437. மேட்டர் கேட்பது நூற்றில் ஒரு டிகிரி, அதுவும் முழு எண்: 2344. பத்தால் வகுத்துவிட்டு முழுமையாக்க மறந்தால் அங்கேயே பிழை.

டிஎஸ்18பி20 மின்சாரம் பெற்றவுடன் அளவீடு நடப்பதற்கு முன் படித்தால் 85 டிகிரி என்று சொல்லும். அது அதன் துவக்க மதிப்பு. 12 பிட் அளவீட்டுக்கு 750 மில்லிவினாடி வரை ஆகும். மின்சாரக் கம்பி தளர்ந்து தளர்ந்து சேர்ந்தால் நடுவிலும் இந்த 85 வரும், ஃபேன் காரணமில்லாமல் ஓடும். இந்த அறையில் 85 சாத்தியமில்லை என்பதால் அப்படியே எறிந்துவிடலாம். படிப்பு மூன்று முறை தொடர்ந்து தோற்றால் அளவீட்டை வெறுமையாக்கி, எட்டக்கூடிய கொடியையும் இறக்கிவிட வேண்டும். பழைய மதிப்பை அப்படியே விட்டுவைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை: திரையில் இதமான 27 டிகிரி, அறையில் என்னவோ.

உணரியின் ஒரு படி 0.0625 டிகிரி. வினாடிக்கொருமுறை படித்து அப்படியே எழுதினால் ஒவ்வொரு நடுக்கமும் சந்தா செய்த (மாற்றங்களைத் தெரிவிக்கக் கேட்டிருக்கும்) எல்லாக் கன்ட்ரோலர்களுக்கும் அறிக்கையாகப் போகும். 30 வினாடிக்கு ஒருமுறை படிப்பது, 20 அலகு (0.2 டிகிரி) மாறினால் மட்டும் எழுதுவது என்பது இங்கே போதுமானது.

அடையாளம் இருக்கும் கோப்புறை

சேர்க்கை (சாதனத்தை ஒரு செயலியோடு அல்லது கன்ட்ரோலரோடு முதன்முறை இணைப்பது) முடிந்ததும் கிடைத்த சான்றிதழ்கள், சாவிகள், என்ட்பாயின்ட் எண்கள் எல்லாம் இயல்பாகப் பயனரின் ஹோம் கோப்புறைக்குள் '.மேட்டர்' என்ற மறைகோப்புறையில் சேமிக்கப்படுகின்றன. கையால் ஓட்டியபோது ஒழுங்காக இருந்த சாதனம், லினக்ஸ் தானே துவக்கும் சிஸ்டம்டி சேவையாக மாற்றியதும் 'இன்னும் சேர்க்கப்படவில்லை' என்று புதிய இணைப்புக் குறியீட்டை அச்சிடுகிறதா? சேவை ரூட் பயனராக ஓடுகிறது. ரூட்டின் ஹோம் வேறு. சேமிப்புப் பாதையைச் சூழல் மாறியில் வெளிப்படையாகக் கொடுத்து, சேவையில் பயனர் பெயரையும் எழுதிவிட்டால் தீர்ந்தது.

என்ட்பாயின்ட்டுக்கு நிரலில் கொடுக்கும் ஐடியை வைத்தே நூலகம் எண்ணை நினைவில் வைக்கிறது. ஐடியை மாற்றினால் எண்ணும் மாறும். செயலியில் அமைத்த தானியக்கங்கள் அறுந்துவிடும். தனித்துவ எண்ணையும் வரிசை எண்ணையும் ஒவ்வொரு துவக்கத்திலும் புதிதாக உருவாக்குவதும் அதே விளைவைத் தரும். இந்தக் கோப்புறையை நகலெடுக்கும்போது நிரலை நிறுத்திவிட்டு எடுக்கவும். அந்த நகலை இன்னொரு பையில் போட்டு இரண்டையும் ஒரே வலையில் ஓட்டவே கூடாது. ஒரே அடையாளத்தில் இரு சாதனங்கள் பதில் சொல்லும்.

எடுத்துக்காட்டுகளில் வரும் கடவெண் 20202021, டிஸ்கிரிமினேட்டர் (சேர்க்கைக்குக் காத்திருக்கும் சாதனங்களைப் பிரித்தறியும் எண்) 3840, அவற்றிலிருந்து பிறக்கும் 34970112332 என்ற குறியீடு ஆகியவை உலகத்துக்கே தெரிந்தவை. மேசையில் சோதிக்கப் பயன்படுத்துங்கள், சுவரில் மாட்டும் முன் மாற்றிவிடுங்கள். 12345678, 87654321, ஒரே இலக்கம் எட்டு முறை வருபவை ஆகியவற்றை விவரக்குறிப்பு அனுமதிப்பதில்லை.

வலை

சேர்க்கை தோல்விகளில் பெரும்பகுதி இங்கேதான், நிரலில் அல்ல. மேட்டர் ஐபிவி6 மீது ஓடுகிறது. பையின் வலை முகத்தில் (நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்) எஃப்ஈ80 எனத் துவங்கும் முகவரி இல்லையென்றால் மேற்கொண்டு தேட வேண்டாம். யாரோ ஐபிவி6ஐ அணைத்திருக்கிறார்கள். ஃபயர்வாலில் யுடிபி 5353 (கண்டுபிடிப்பு), 5540 (உரையாடல்) இரண்டும் திறந்திருக்க வேண்டும். ஒரே கணினியில் இரண்டு நோடு என்றால் இரண்டாவதற்கு 5541.

நிரல்களைத் தனிக் கொள்கலனில் ஓட்டும் டாக்கரின் இயல்பான பிரிட்ஜ் வலை மல்டிகாஸ்டை (ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் போகும் செய்தியை) கடத்தாது. ஹோஸ்ட் வலை முறையே வழி. ஃபோனும் சாதனமும் வெவ்வேறு விலானில் (பிரித்து வைத்த துணை வலையில்) இருந்தாலும், வைஃபை ரௌட்டரில் கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் அமைப்பு இயங்கினாலும் ஒன்றையொன்று காணாது. கொஞ்சம் மறைவான சிக்கல்: பையில் டாக்கரோ விபிஎன்னோ இருந்தால், நோடு அந்த மெய்நிகர் முகங்களின் முகவரிகளையும் விளம்பரப்படுத்தும். கன்ட்ரோலர் எட்டாத முகவரிக்குத் தட்டிப் பார்த்துக் காலம் கடத்தும். கண்டுபிடிப்பை ஒரே வலை முகத்துக்குக் கட்டிவிட்டால் இணைப்பு உடனே சீராகும்.

வலையில் விளம்பரமாகும் சேவைகளைக் காட்டும் அவாஹி உலாவியில் பாருங்கள். சேர்க்கைக்குக் காத்திருக்கும் சாதனம் 'மேட்டர்சி' சேவையாக யுடிபி கீழ் வரும்; சேர்க்கை முடிந்த சாதனம் 'மேட்டர்' சேவையாக டிசிபி கீழ் வரும், உரையாடல் யுடிபியில் நடந்தாலும் கூட. வேறொரு கணினியிலிருந்து பார்க்கும்போது இது தெரிந்தால் வலை சரி. தெரியாவிட்டால் நிரலைத் தொடாதீர்கள்.

கன்ட்ரோலர் பக்கம்

ஃபோன் செயலியில் முதலில் சேர்த்துவிட்டு, பிறகு ஜாவாஸ்கிரிப்ட் கன்ட்ரோலரில் சேர்க்கும் வரிசையே வசதி. முதல் சேர்க்கைக்குப் பின் பழைய குறியீடு செல்லாது. செயலியில் பகிர்வைத் திறந்தால் புதிய குறியீடு வரும். அதன் ஆயுள் 3 முதல் 15 நிமிடம். த்ரெட் (குறைந்த மின்சக்தி ரேடியோ வலை) சாதனங்களுக்கும் இதே வழிதான் எளிது: கன்ட்ரோலர் கணினியில் த்ரெட் ரேடியோ தேவைப்படாது, த்ரெட் வலையை வீட்டு வலையோடு இணைக்கும் பார்டர் ரௌட்டர் வழியே ஐபியில் பேசிக்கொள்ளலாம்.

11 இலக்கக் குறியீட்டில் டிஸ்கிரிமினேட்டரின் மேல் 4 பிட் மட்டுமே இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு சாதனங்கள் காத்திருந்து அந்த 4 பிட் ஒத்துப்போனால், கன்ட்ரோலர் தவறான சாதனத்தின் கதவைத் தட்டும். க்யூஆர் குறியீட்டில் முழு 12 பிட்டும் உண்டு.

நிரலில் கமிஷனிங்கன்ட்ரோலரைத் துவக்கி, நோடைச் சேர்த்து, நோடு ஐடியைச் சேமித்து, பண்பு மாற்ற நிகழ்வைக் கேட்பது. நூலகம் இன்னும் 1.0ஐ எட்டாத பதிப்பு வரிசையில் உள்ளது, கன்ட்ரோலர் பக்கத்து இடைமுகம் மாறிவருகிறது. பேக்கேஜ் கோப்பில் துல்லியமான பதிப்பு எண்ணையே எழுதுங்கள்.

விதி: அளவீடு 3200க்கு (32 டிகிரி) மேல் போனால் ஃபேன் ஆன், 3000க்கு (30 டிகிரி) கீழ் வந்தால் ஆஃப். நடுவில் எதையும் செய்யாது. நிகழ்வு வந்தபோதும், 60 வினாடிக்கு ஒருமுறையும் அதே சார்பு ஓடும். அதன் முதல் வரி நோடின் இணைப்பு நிலையைப் பார்க்கிறது. 'இணைந்தது' தவிர வேறெந்த நிலை என்றாலும், அளவீடு வெறுமை என்றாலும், முடிவெடுக்காமல் திரும்பிவிடும். சாதனம் செத்துப்போனது கன்ட்ரோலருக்கு உடனே தெரியாது. சந்தாவின் உச்ச இடைவெளி கடந்த பிறகே தெரியும். அதுவரை கையில் இருப்பது பழைய மதிப்பு.

கன்ட்ரோலரே செத்துப்போனால்? அறை சூடாகிவிடும். ஆகவே 38 டிகிரியில் ஃபேனை இயக்கும் விதி சாதனத்தின் உள்ளேயே, எந்த வலையும் இல்லாமல் ஓடுகிறது. அதே உணரி தொடர்ந்து தோற்றாலும் ஃபேன் ஆன். ஹீட்டர், பம்ப் போன்றவற்றுக்குப் பாதுகாப்பான திசை எதிர்ப்புறம். அவற்றுக்கு வெறும் 'ஆன்' அனுப்பாமல், நேரக்கெடுவோடு ஆன் செய்யும் கட்டளையை அனுப்பலாம். நேரம் பத்தில் ஒரு வினாடி அலகில்: 6000 என்றால் 10 நிமிடம். கன்ட்ரோலர் 5 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அது நின்றால் சாதனம் தானே அணைந்துவிடும்.

ஒப்புக்கொள்ளும் முன் செய்த சோதனைகள்

ஃபேன் ஆனில் இருக்கும்போது பையின் மின்சாரத்தைப் பிடுங்கி மீண்டும் கொடுத்தல்: திரையும் ரிலேவும் ஒத்துப்போக வேண்டும், துவக்கத்தில் ரிலே ஒருமுறைகூடத் துடிக்கக் கூடாது. உணரிக் கம்பியைக் கழற்றுதல்: 2 நிமிடத்துக்குள் செயலியில் 'பதில் இல்லை' எனத் தெரிந்து ஃபேன் ஓட வேண்டும். பின்கன்ட்ரோல் கட்டளையைத் தற்காலிகமாகப் பெயர் மாற்றிவிட்டு விளக்கை ஏற்றுதல்: கட்டளை தோல்வியாகத் திரும்ப வேண்டும், நிலை ஆஃபிலேயே நிற்க வேண்டும். ரௌட்டரை அணைத்து ஏற்றுதல்: கையால் எதையும் தொடாமல் கன்ட்ரோலர் மீண்டும் இணைய வேண்டும்.

சோதனைக் கன்ட்ரோலர்களைக் கைவிடும்போது அவற்றின் சேமிப்பை மட்டும் அழித்தால், சாதனத்தில் அவற்றின் ஃபேப்ரிக் (அந்தக் கன்ட்ரோலரோடு உள்ள இணைப்பின் பதிவு) அனாதையாகத் தங்கிவிடும். விவரக்குறிப்பு குறைந்தது 5 ஃபேப்ரிக் இடங்களைக் கேட்கிறது. கடையில் வாங்கிய சாதனங்களில் பெரும்பாலும் அதைவிட அதிகம் இருப்பதில்லை. அந்த இடங்கள் நிரம்பிவிட்டால் அடுத்த சேர்க்கை தோற்கும். நோடின் டீகமிஷன் (சேர்க்கையை நீக்கும்) முறையை அழைத்து, அது வெற்றி என்று திரும்பிய பிறகே சேமிப்பை அழிக்கவும்.